ஐந்து சென்ட் காய்கறித் தோட்டத்துக்கு எவ்வளவு குத்தகை கொடுக்கலாம்?

புதுக்கோட்டை நகரோடு ஒன்றிவிட்ட திருக்கோகர்ணம், குகைக் கோயிலாலும் பிரகதாம்பாள் சன்னதியாலும் அரசு அருங்காட்சியகத்தாலும் பெயர் பெற்ற ஊர். நகரம் முடிந்து கொல்லையும் குளத்தங்கரையும் தொடங்கும் இத்தகைய ஊர்களில், சொந்த நிலம் இல்லாதவர்கள் பிறர் நிலத்தில் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று குத்தகைக்குப் பிடித்துக் கீரை, வெண்டை, கத்தரி, கொத்தவரை போடுவது நெடுநாள் வழக்கம். காலையில் பறித்த கீரைக்கட்டை வெயில் ஏறுமுன் வீடுகளில் விற்றுவிடலாம். வண்டி வாடகை இல்லை, தரகு இல்லை. குடும்பத்துப் பெண்கள் கைக்காசு பார்க்க இதைவிட எளிய தொழில் குறைவு.

இப்போது இந்தத் தொழிலுக்குப் பெரிய இடைஞ்சலாக வந்திருப்பது குத்தகைத் தொகை. 2024ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. நகரம் வளரும்போது மனை விலை உயர்கிறது, மனை விலை உயரும்போது, "சென்ட் இவ்வளவு போகிறதே, குத்தகையும் ஏற வேண்டாமா?" என்று நிலத்துக்காரர் கேட்கிறார். பயிற்சி முகாம்களுக்கு வரும் சிறு சாகுபடியாளர்கள் உரத்தையும் பூச்சி மருந்தையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐந்து சென்ட்டுக்கு எவ்வளவு குத்தகை கொடுத்தால் கட்டும்?" இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தின் விலை வேறு, விளைச்சல் வேறு

சென்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றாலும் ஐந்து லட்சத்துக்கு விற்றாலும் அந்த மண்ணில் வெண்டை ஒரே அளவுதான் காய்க்கும். மனையின் விலை, அதில் வீடு கட்டினால் கிடைக்கும் பயனைக் குறிப்பது. குத்தகை என்பது அதில் பயிர் செய்தால் கிடைக்கும் பயனில் நிலத்துக்கு உரிய பங்கு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்குக்கெல்லாம் மூலம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தோட்டம் கேட்டு வருபவர்கள் இரு வகை. விளைந்ததை விற்றுப் பிழைப்பவர் ஒரு வகை. மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ உள்ளவர், மருந்தடிக்காத காய் வீட்டுக்கு வேண்டும், உடலுக்கும் உழைப்பு வேண்டும் என்று வருபவர் மற்றொரு வகை. இரண்டாமவர் குத்தகையை விளைச்சலிலிருந்து கொடுப்பதில்லை, சம்பளத்திலிருந்து கொடுக்கிறார். எனவே கேட்டதைக் கொடுக்க அவரால் முடிகிறது. அவர் கொடுக்கும் தொகையே ஊர் நடப்பு என்று ஆகிவிட்டால், தலைச்சுமையில் கீரை விற்பவர் வெளியேற வேண்டியதுதான். இருவருக்கும் தோட்டம் வேண்டும். ஆனால் இருவரின் கணக்கும் ஒன்றல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் காய்கறித் தோட்டம் அமைக்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் மாதிரி அளவு 200 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து சென்ட். இதில் வரப்பு, நடைபாதை, குப்பைக் குழி போக நான்கு சென்ட் பாத்தியாகக் கிடைக்கும்.

வெண்டையைப் பரிந்துரைப்படி பயிர் செய்தால் எக்டருக்கு 12 முதல் 15 டன் எடுக்கலாம். சென்ட் கணக்கில் இது சுமார் 50 முதல் 60 கிலோ. எல்லாரும் எல்லாப் போகத்திலும் இவ்வளவு எடுப்பதில்லை. வெயில், பூச்சி, நோய் எல்லாவற்றுக்கும் கழித்துக்கொண்டு சென்ட்டுக்கு 40 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். வருடத்தில் மூன்று போகம் காய்கறி எடுத்தால் 4 சென்ட் x 40 கிலோ x 3 போகம் = 480 கிலோ. தோட்டத்தில் கிலோ 20 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் ஆண்டு மொத்த வரவு 9,600 ரூபாய். விதை, எரு, வேலி, மருந்து ஆகியவற்றுக்கு 2,000 ரூபாய் போனால் மிச்சம் 7,600 ரூபாய்.

இந்தத் தோட்டத்துக்கு மாதம் 500 ரூபாய் குத்தகை கேட்டால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். மொத்த விளைச்சலில் இது 62 சதவிகிதத்துக்கும் மேல். உழைத்தவர் கையில் நிற்பது 1,600 ரூபாய். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வேலை என்றாலும் ஆண்டுக்கு 365 மணி. மணிக்கு நாலரை ரூபாய்கூடக் கூலி கட்டாது. இதையே மாதம் 200 ரூபாய் என்று பேசினால் குத்தகை 2,400 ரூபாய், அதாவது விளைச்சலில் கால் பங்கு. கையில் 5,200 ரூபாய் நிற்கும். மணிக்குப் பதினான்கு ரூபாய். அதுவும் பெரிய கூலி அல்ல. ஆனால் வீட்டு வேலைக்கு நடுவே பார்க்கும் தொழிலாகையால் தாக்குப்பிடிக்கலாம்.

இந்த விலையெல்லாம் மாதிரிக் கணக்குக்குத்தான். உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். எளிதாக நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறேன். 480 கிலோவில் கால் பங்கு 120 கிலோ. மாதத்துக்குப் பத்துக் கிலோ. ஆகவே ஐந்து சென்ட் பாசனத் தோட்டத்துக்கு மாதம் பத்துக் கிலோ காய்கறியின் தோட்ட விலைக்கு மேல் குத்தகை போனால், விற்றுப் பிழைப்பவருக்கு அது கட்டாது. காய் விலை ஏறினால் குத்தகையும் ஏறும், இறங்கினால் இறங்கும். இது இரு தரப்புக்கும் நியாயம்.

வீட்டுக்கு மட்டும் பயிர் செய்பவரின் கணக்கு வேறு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்றால் ஆண்டுத் தேவை 438 கிலோ. மேலே சொன்ன தோட்டம் ஏறக்குறைய அவ்வளவையும் தரும். அவர் மிச்சப்படுத்துவது தோட்ட விலையை அல்ல, கடை விலையை. அதனால்தான் அவரால் கூடுதலாகக் கொடுக்க முடிகிறது. கொடுக்க முடிகிறது என்பதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுத்துப் பக்கத்துப் பாத்திக்காரரின் குத்தகையையும் ஏற்றிவிட வேண்டாம் என்பதே அவருக்கு நம் வேண்டுகோள்.

வாரமா, ரொக்கமா?

விளைச்சலில் கால் பங்கு என்றதும், காயாகவே பங்கிட்டுவிடலாமே என்று தோன்றும். காய்கறிக்கு அது ஒத்துவராது. இதற்குப் புதுக்கோட்டைச் சீமையின் பழைய அனுபவமே சான்று. சமஸ்தான காலத்தில் அமானி என்றொரு முறை இருந்தது. விளைந்ததை அரசும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்வர். பங்கு பிரிக்க அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை அறுவடைக்குக் காத்திருக்க வேண்டும். காவலும் சந்தேகமும் பூசலும் மிகுந்த முறை அது. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியின் காலத்தில் இம்முறை கைவிடப்பட்டு, பணமாகத் தீர்வை கட்டும் முறை வந்தது. களத்தில் காத்திருக்கும் நெல்லுக்கே பங்கு முறை தொல்லையாக இருந்தது என்றால், இன்று பறிக்காவிட்டால் நாளை முற்றிவிடும் வெண்டைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அளவைக் கிலோவில் பேசுங்கள். கொடுப்பதை ரூபாயில் கொடுங்கள். அந்த மாதத்து உழவர் சந்தை விலைப் பலகையைப் பார்த்து, விற்கும் செலவுக்குச் சிறிது கழித்துக்கொண்டால் தோட்ட விலை கிடைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கால் பங்கு என்பது நம் கற்பனை அல்ல. 1956ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தபோது நன்செய்க்கு மொத்த விளைச்சலில் 40 சதவிகிதம் வரை குத்தகை என்று இருந்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, நியாயக் குத்தகை 25 சதவிகிதம் என்று ஆயிற்று. 1955ஆம் ஆண்டுச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகையை ஒழுங்காகச் செலுத்திவரும் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்கிறது. நிலத்துக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால் அதற்குரிய அலுவலரிடம் தொகையைக் கட்டிவைக்கவும் வழி செய்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குத்தகை உரிமையைப் பதிவேட்டில் பதிந்துகொள்ளலாம். கோயில், அறக்கட்டளை நிலங்களுக்கு 1961ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளை நிலச் சட்டம் தனியே உண்டு. கோயில் சொத்தை ஐந்தாண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் வேண்டும். எனவே கோயில் நிலத்தை உள்குத்தகையாக யாரேனும் கொடுத்தால், அலுவலகத்தில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இங்கு இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சாகுபடி குத்தகைதாரர் என்ற பாதுகாப்பு, தாமோ தம் குடும்பத்தாரோ உடல் உழைப்பைச் செலுத்துபவருக்கே உரியது. ஆளை வைத்து மட்டும் தோட்டம் போடுபவருக்கு அது கிடைக்காது. இரண்டாவது, இச்சட்டங்கள் விவசாய நிலத்துக்கானவை. மனையாகப் பிரித்து அங்கீகாரம் பெற்ற இடமானால், அதன் நிலை என்ன என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

பிற நாடுகளில் எப்படி?

நகரத்துக்காரருக்குச் சிறு தோட்டம் வாடகைக்கு விடுவது மேல்நாடுகளில் சட்டம் போட்டு நடத்தப்படும் காரியம். இங்கிலாந்தில் இதற்கு அலாட்மென்ட் என்று பெயர். ஊராட்சி மன்றங்கள் தேவைப்படுவோருக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒரு முழுத் தோட்டம் சுமார் 250 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் ஆறேகால் சென்ட். 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு குத்தகைதாரர் நியாயமாகக் கொடுக்கக்கூடிய தொகையே வாடகை. ஆயினும் அது எவ்வளவு என்று எண்ணிக்கையாகச் சொல்லப்படாததால், மன்றங்களுக்குப் பண நெருக்கடி வந்த அண்மை ஆண்டுகளில் பல ஊர்களில் வாடகை ஏறியிருக்கிறது, எதிர்ப்பும் எழுந்திருக்கிறது. ஆனால் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. தோட்டக்காரரை வெளியேற்ற ஓராண்டு அறிவிப்பு தர வேண்டும். அதுவும் பயிர்க் காலத்தின் நடுவில் முடியக் கூடாது. நிற்கும் பயிருக்கும் இட்ட எருவுக்கும் இழப்பீடு கேட்கும் உரிமையும் அச்சட்டத்தில் இருக்கிறது.

ஜெர்மனியில் 1983ஆம் ஆண்டுச் சிறுதோட்டச் சட்டம் இதைவிடத் தெளிவானது. தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதன் குத்தகை, அந்த வட்டாரத்தில் பழம், காய்கறி பயிரிட்டு விற்பவர்கள் நிலத்துக்குக் கொடுக்கும் குத்தகையைப் போல் நான்கு மடங்குக்கு மேல் போகக் கூடாது. பெர்லின் போன்ற பெருநகரில் மனை விலை எங்கே ஏறினாலும் தோட்டக் குத்தகை காய்கறிக் குத்தகையோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. நிலத்தின் விலையைப் பாராதே, விளைச்சலைப் பார் என்ற கொள்கையே அங்கும் சட்டமாக நிற்கிறது.

குத்தகை பேசுமுன் பார்க்க வேண்டியவை

1. தண்ணீர்: குத்தகையில் தண்ணீர் சேர்ந்ததா, தனியா என்று முதலில் கேளுங்கள். ஐந்து சென்ட்டுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1,000 லிட்டர் தேவை. மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு இது ஆறு நிமிட வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் காசைப் பேசுங்கள். விவசாய இணைப்பானால் மின்சாரம் இலவசம் என்பதையும் மறக்க வேண்டாம். கோடையில் போர் வற்றினால் அந்த மாதங்களுக்குக் குத்தகை பாதி என்றும் பேசிக்கொள்ளலாம்.

2. மண்: இம்மாவட்டத்தின் செம்புறை மண்ணில் மக்குச் சத்து குறைவு. முதல் ஆண்டு விளைச்சல் குறைவாகவே இருக்கும். வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துக்கொண்டு, அதற்குப் பிறகு தொகை பேசுவது புத்திசாலித்தனம். உப்புத் தண்ணீரானால் குறைந்த குத்தகைக்கும் எடுக்க வேண்டாம்.

3. காலம்: சென்ட்டுக்கு 100 கிலோ தொழு உரம் இட வேண்டும் என்பது பரிந்துரை. ஐந்து சென்ட்டுக்கு 500 கிலோ. இதன் பலன் ஒரே போகத்தில் கிடைத்துவிடாது. எனவே மூன்றாண்டுக்குக் குறையாமல் பேசுங்கள். இடையில் நிலம் வேண்டுமென்றால் நிற்கும் பயிர் முடியும்வரை தவணையும், இட்ட எருவுக்கு ஈடும் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

4. எழுத்து: சர்வே எண், நான்கெல்லை, தண்ணீர், தொகை, உயர்வு எப்படி என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது நல்லது. கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வேண்டும்.

5. பதிவு: பிரதமர் கிசான் உதவித் தொகை நில உரிமையாளருக்கே உரியது. ஆனால் உழவர் கடன் அட்டைத் திட்டத்தில் குத்தகைதாரர்களும் சேரலாம். சாகுபடி செய்வதைக் கிராம நிர்வாக அலுவலர் மூலம் பதிவாக்கிக்கொண்டால் கடன் கேட்கவும் உழவர் சந்தை அட்டை கேட்கவும் கைகொடுக்கும்.

எந்தப் பயிர் கட்டும்?

குத்தகை நிலத்தில் பணம் விரைவில் திரும்ப வேண்டும். முதலில் கீரை. கோ 3 கிள்ளுக்கீரைக்குச் சென்ட்டுக்குப் பத்துக் கிராம் விதை போதும். மணலோடு கலந்து தூவ வேண்டும். விதைத்த 20 நாளில் முதல் கிள்ளல். பிறகு வாரம் ஒருமுறையாகப் பத்துத் தடவை வரை கிள்ளலாம். அந்த மாதக் குத்தகை கீரையிலேயே வந்துவிடும். இரண்டாவது வெண்டை. 45 x 30 செ.மீ. இடைவெளியில் சென்ட்டுக்கு 300 செடி நிற்கும். 45 நாளில் காய் பறிக்கத் தொடங்கலாம். கத்தரி ஐந்து மாதப் பயிர். நடவு செய்து இரண்டு மாதம் வரை வரவில்லை. எனவே தோட்டம் முழுவதும் கத்தரி போடாமல் ஒரு பங்கு கத்தரி, ஒரு பங்கு வெண்டை, ஒரு பங்கு கீரை என்று பிரித்துக்கொண்டால் கை வறளாது. கறிவேப்பிலை, எலுமிச்சை போன்ற பல்லாண்டுப் பயிர்களை எழுத்துக் குத்தகை இல்லாத நிலத்தில் நட வேண்டாம். நட்டவர் ஒருவர், பறிப்பவர் ஒருவர் என்று ஆகிவிடும்.

சேர்ந்து எடுத்தால் குறையும்

ஒருவராகப் போய் ஐந்து சென்ட் கேட்டால் சொன்னதுதான் விலை. பத்துப் பேர் சேர்ந்து அரை ஏக்கரை ஒரே குத்தகையாகப் பேசிப் பாத்தி பிரித்துக்கொண்டால், நிலத்துக்காரருக்கு ஒரே இடத்தில் பணம் கிடைக்கும். பேரம் பேசவும் வலு இருக்கும். வேலியும் தண்ணீர்க் குழாயும் பொதுவாகிச் செலவு குறையும். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் தரிசாகக் கிடந்த நிலங்களைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் வாழையும் பயிரிட்டு வருவதை நாடறியும். அவ்வளவு தூரம் போவானேன்? 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில், நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல் உடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளை நேரடியாகக் குத்தகைக்கு எடுத்தனர். கல் குவாரியைக் குத்தகை பேசிய மாவட்டத்துப் பெண்களுக்குக் கத்தரிக் கொல்லையைப் பேசத் தெரியாதா?

நில உரிமையாளர்களுக்கு

நிலத்துக்காரரின் அச்சத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. கொடுத்தால் திரும்ப வருமோ, விற்க நினைக்கும்போது வழக்கு வருமோ என்று அஞ்சியே பலர் நிலத்தைப் பூட்டி வைக்கின்றனர். ஆனால் சும்மா கிடக்கும் மனையில் முதலில் பார்த்தீனியம் வருகிறது, அடுத்துச் சீமைக் கருவேல் வருகிறது, பிறகு ஊர்க் குப்பை வருகிறது. சில ஆண்டுகளில் எல்லைக் கல்லும் மறைந்துவிடும். பிறகு துப்புரவு செய்யும் செலவு, வாங்காமல் விட்ட குத்தகையைவிடக் கூடுதலாகும். நிலத்தில் தினமும் ஒருவர் வேலை செய்வது காவல் வைத்ததற்குச் சமம். என்ன காலம், என்ன தொகை, எப்போது ஒப்படைப்பது என்று தெளிவாக எழுதி, நியாயமான தொகைக்கு விட்டால் நிலமும் பாழாகாது, நாலு வீட்டு அடுப்பும் எரியும். அதிகக் குத்தகைக்கு ஆசைப்பட்டு ஆண்டுக்கொருவரை மாற்றினால், எருவிடாமல் மண்ணை உறிஞ்சிவிட்டுப் போகும் ஆள்தான் வந்து சேர்வார்.

அடுத்த ஆடிப் பட்டத்துக்கோ தைப் பட்டத்துக்கோ தோட்டம் பிடிக்க எண்ணுவோர், முன்பணம் கொடுக்குமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பாருங்கள்: பாத்தி எத்தனை சென்ட், எத்தனை போகம், எத்தனை கிலோ, என்ன விலை. வந்த தொகையில் கால் பங்குக்குள் குத்தகை நிற்குமானால் துணிந்து மண்வெட்டியை எடுக்கலாம். அதற்கு மேல் போனால் நிலத்துக்காரரிடம் அந்தத் தாளையே காட்டிப் பேசுங்கள். மனை விலையைச் சொல்பவரிடம் விளைச்சல் கணக்கைச் சொல்வதுதான் சரியான பதில்.